ஒன்றரை வயது ஊசி போடும் நாளில் குழந்தையின் பேச்சையும் கேட்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

விழுப்புரம் மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். குழந்தைகளின் எடை, தடுப்பூசி, ரத்தசோகை ஆகியவற்றைப் பற்றி நாளிதழ்கள் தொடர்ந்து எழுதி வந்ததால் தாய்மார்களிடம் ஏற்பட்ட விழிப்பை வீடு வீடாகச் சென்று கண்டவள் என்பதால், அதற்காக முதலில் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். அதே அக்கறையை இன்னொரு பக்கமும் திருப்ப வேண்டும் என்று கேட்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன். ஒரு வயதைக் கடந்து மூன்று வயதை எட்டாத குழந்தை என்னென்ன சொற்களைச் சொல்கிறது, கூப்பிட்டால் திரும்புகிறதா, பக்கத்தில் ஒருவர் அழுதால் என்ன செய்கிறது என்பவற்றை, எடையைக் கேட்பது போல ஒழுங்காகக் கேட்டுக் குறித்து வைக்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் வேரூன்றவில்லை. அதைத் தொடங்குவதற்கு ஏற்ற நாள், ஊரில் எல்லோரும் ‘ஒன்றரை வயசு ஊசி’ என்று சொல்லும் அந்தத் தடுப்பூசி நாள்தான்.

அந்த நாளை நான் குறிப்பிடக் காரணம் உண்டு. தேசியத் தடுப்பூசி அட்டவணைப்படி, ஒன்பது மாதம் நிறைந்ததும் தட்டம்மை, ரூபெல்லா நோய்களுக்கான முதல் தவணை போடப்படுகிறது. 16 முதல் 24 மாதத்துக்குள் அதன் இரண்டாம் தவணையும் முத்தடுப்பு ஊசியின் முதல் பூஸ்டரும் போலியோ சொட்டு மருந்தும் தரப்படுகின்றன. அதற்குப் பிறகு அடுத்த ஊசி ஐந்து வயதில்தான். இடையில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வைட்டமின் ஏ திரவம் கொடுக்கிறோம். மற்றபடி காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால்தான் குழந்தை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும். நலமாக இருக்கும் ஒரு குழந்தையை, அதன் தாய் மடியில் வைத்துக்கொண்டு எங்கள் முன்னால் உட்காரும் கடைசி வாய்ப்பு பெரும்பாலும் அந்த ஒன்றரை வயது ஊசியோடு முடிந்துவிடுகிறது. குழந்தையின் பேச்சும் பிறர் மீதான அக்கறையும் கண்ணுக்குத் தெரியும்படி மலரத் தொடங்குவதும் அதே காலத்தில்தான்.

அந்த வளர்ச்சியைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். பல குடும்பங்களில் இது கொண்டாடப்படுகிறதே தவிர, கவனித்துப் பார்க்கப்படுவதில்லை. பேச்சுக்கு முன்னால் விரல் வருகிறது. ஒரு வயதை ஒட்டிக் குழந்தை தனக்கு வேண்டியதைச் சுட்டிக் கேட்கத் தொடங்குகிறது. சில வாரங்களில், கேட்பதற்காக அல்லாமல் காட்டுவதற்காகவும் சுட்டுகிறது. தெருவில் மாடு போனால் அதைச் சுட்டிக் காட்டிவிட்டு, உடனே அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறது. ‘நான் பார்ப்பதை நீயும் பார்க்கிறாயா’ என்று வாய் திறக்காமலே கேட்கும் அந்தப் பார்வையை நான் மிகப் பெரிய முன்னேற்றமாகக் கருதுகிறேன். ஒன்றரை வயதாகியும் ஒரு குழந்தை எதையும் சுட்டிக் காட்டவில்லை, பெயர் சொல்லி அழைத்தால் முகத்தைப் பார்ப்பதில்லை என்றால், சொற்களின் எண்ணிக்கையைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே அக்குழந்தையை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம் 2022ஆம் ஆண்டில் திருத்தி வெளியிட்ட பட்டியல், ஒவ்வொரு வயதிலும் 100 குழந்தைகளில் 75 பேராவது செய்யக்கூடியவற்றைத் தொகுத்துத் தருகிறது. அதன்படி, அம்மா, அப்பா என்பவற்றைத் தவிர மூன்று சொற்களையாவது சொல்ல முயல்வதும், கையால் காட்டாமலே ‘அதைக் கொடு’ என்று சொன்னால் புரிந்துகொண்டு கொடுப்பதும் ஒன்றரை வயதுக்கு உரியவை. இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசுவதும், கேட்டால் உடலின் உறுப்புகளில் இரண்டையாவது தொட்டுக் காட்டுவதும் இரண்டு வயதுக்கு உரியவை. நம் வீடுகளில் அந்த இரு சொல் பேச்சு ‘அம்மா வா’, ‘பால் வேணாம்’, ‘மாமா வண்டி’, ‘அப்பா போச்சு’ என்று ஒலிக்கும். தமிழ் போன்று விகுதிகளை அடுக்கிச் சேர்க்கும் மொழிகளில், குழந்தைகள் அந்த விகுதிகளை மிக இளம் வயதிலேயே குறைந்த பிழைகளுடன் கையாளக் கற்றுவிடுகிறார்கள் என்பதை, தமிழ்க் குழந்தைகளை வைத்துப் பரிமளா ராகவேந்திராவும் லாரன்ஸ் லியோனார்டும் 1989இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது. இரண்டரை வயதுக் குழந்தை ‘தாத்தாகிட்ட குடுக்கணும்’ என்று சொல்லும்போது, அது யாருக்கு, என்ன செயல், செய்தாக வேண்டும் என்ற மூன்று செய்திகளையும் ஓர் இலக்கண ஆசிரியரின் உதவி இல்லாமல் கோத்துவிடுகிறது. அதைக் கேட்டுவிட்டுச் சிரித்துக் கடந்து போகாமல், ‘ஆமாம், தாத்தாவிடம் கொடுக்கலாம், எதைக் கொடுக்கலாம்?’ என்று பதில் சொல்லும் வீட்டில் அடுத்த வாக்கியம் விரைவில் பிறக்கும்.

இவ்வாறு மாதம் மாதமாகக் குழந்தையைக் கவனிப்பது மேற்கிலிருந்து வந்த பழக்கம் என்று சிலர் கருதுகிறார்கள். பிள்ளைத்தமிழ் என்ற சிற்றிலக்கிய வகையே, தலையை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, கை தட்டும் சப்பாணி, தளர்நடையிட்டு வரும் வருகை, நிலவை விளையாட அழைக்கும் அம்புலி என்று பத்துப் பருவங்களாகக் குழந்தையின் வளர்ச்சியை வகுத்திருக்கிறது. மூன்றாம் திங்கள் தொடங்கி இருபத்தோராம் திங்கள் வரை ஒற்றைப்படைத் திங்களில் இப்பருவங்களை வைத்துச் சொல்லும் மரபும் உண்டு. நம் முன்னோர் தெய்வத்தையும் அரசரையும் பாடுவதற்கு எடுத்துக்கொண்ட அந்தக் கவனத்தை நாம் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தருவதில் புதுமை எதுவும் இல்லை.

பேச்சோடு பிறக்கும் இன்னொன்றைப் பற்றி மருத்துவமனைகளில்கூடப் பேச்சு எழுவதில்லை. பிறர் வலியை உணர்வது இவ்வளவு சிறிய குழந்தைக்கு வருமா என்று பலர் ஐயப்படுகிறார்கள். கரோலின் ஸான்-வாக்ஸ்லரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1992இல் வெளியிட்ட ஆய்வில், தம் வீட்டில் யாரேனும் வருந்தும்போது குழந்தை என்ன செய்கிறது என்பதைத் தாய்மாரே கவனித்துச் சொன்னார்கள். ஒரு வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட அந்த ஆண்டில்தான், அழுபவரைத் தடவிக் கொடுப்பது, கட்டிக்கொள்வது, தன் பொருளைக் கொண்டுவந்து நீட்டுவது போன்ற செயல்கள் தோன்றி வளர்வது அதில் தெரிந்தது. 1997இல் பெட்டி ரெப்பகோலியும் அலிசன் காப்னிக்கும் செய்த சோதனை இன்னும் நுட்பமானது. ஆய்வாளர் குழந்தையின் எதிரில் பிஸ்கட்டைச் சுவைத்து முகம் சுளித்தார். பூக்கோசு போன்ற பச்சைக் காயான புரோக்கோலியைச் சுவைத்து மகிழ்ச்சி காட்டினார். பிறகு கை நீட்டித் தனக்குக் கொஞ்சம் வேண்டும் என்றார். பதினான்கு மாதக் குழந்தைகள் தங்களுக்குப் பிடித்த பிஸ்கட்டையே கொடுத்தார்கள். பதினெட்டு மாதக் குழந்தைகளோ அவருக்குப் பிடித்த புரோக்கோலியைக் கொடுத்தார்கள். தன் விருப்பம் வேறு, எதிரில் இருப்பவரின் விருப்பம் வேறு என்ற அறிவு அந்த நான்கு மாத இடைவெளிக்குள் விளைந்துவிடுகிறது. ஃபெலிக்ஸ் வார்னெக்கனும் மைக்கேல் தொமசெல்லோவும் 2006இல் வெளியிட்ட ஆய்விலும் பதினெட்டு மாதக் குழந்தைகளே இருந்தார்கள்; கைக்கு எட்டாமல் விழுந்த துணிக் கிளிப்பை எடுத்துத் தருவது, கை நிறையப் புத்தகங்களோடு நிற்பவருக்கு அலமாரிக் கதவைத் திறந்துவிடுவது போன்ற உதவிகளில் ஏதேனும் ஒன்றையாவது, யாரும் சொல்லாமலும் பரிசு எதுவும் தராமலும், 24 குழந்தைகளில் 22 பேர் செய்தார்கள்.

தாத்தா கண்ணாடியைத் தேடும்போது ஓடிப்போய் எடுத்துவரும் பேத்தியை, அழும் தங்கையின் வாயில் தான் கடித்த முறுக்கையே திணிக்கும் அண்ணனை, நம் வீடுகளில் பார்த்தவர்களுக்கு இந்த ஆய்வுகள் வியப்பைத் தரமாட்டா. முறுக்கைத் திணிப்பது ஆபத்தானது என்பதால் நாம் அவனை அதட்டிவிடுகிறோம். முறுக்கை விலக்கிவிட்டு, ‘பாப்பா அழறான்னு பார்த்தியா, நல்ல பிள்ளை, அவ முதுகைத் தடவிக் குடு’ என்று ஒரு வாக்கியம் சொன்னால், அவனிடம் எழுந்த இரக்கத்துக்கு ஒரு வழி கிடைக்கும்.

இங்கே நம் வழக்கங்கள் இரண்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குழந்தை ஓடி வந்து தடுக்கி விழுந்து அழுதால், பெரியவர்கள் தரையைக் கையால் அடித்து, ‘பார், தரையை அடிச்சிட்டேன், அழாதே’ என்று சமாதானம் சொல்கிறார்கள். அன்பினால்தான் அப்படிச் செய்கிறார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வலி என்றால் என்ன என்று குழந்தை கற்கும் அந்த நேரத்தில், வலித்தால் யாரையாவது திருப்பி அடிக்க வேண்டும் என்ற பாடத்தை அது முதல் பாடமாகப் பெறுகிறது. அடிபட்ட இடத்தைத் தடவி, ‘முட்டியில இடிச்சிடுச்சா, வலிக்குதா, கொஞ்ச நேரத்துல சரியாயிடும்’ என்று சொன்னால், தன் வலிக்கு ஒரு பெயர் உண்டு, அது ஆறும், அதைப் பற்றிக் கேட்க ஆள் உண்டு என்பதைக் குழந்தை அறிகிறது. பின்னொரு நாள் அதே சொற்களை மற்றொரு குழந்தையிடம் அது சொல்லும். இரண்டாவது, பூச்சாண்டி பிடித்துக்கொள்வான், போலீஸ்காரர் வருவார் என்பதோடு சேர்த்து ‘நர்ஸம்மா ஊசி போட்டுடுவாங்க’ என்று பயமுறுத்துவது. எங்களைக் கண்டாலே வீறிட்டு அழுத பிள்ளைகள் பலரை நான் அறிவேன். பயந்து தாயின் தோளில் முகம் புதைத்துக்கொள்ளும் குழந்தையிடம் ஒரு சொல்லைக்கூடக் கேட்டுப் பெற முடியாது. பேச்சு வளர்ச்சியைப் பார்க்க வேண்டிய நாளில், நாமே அதன் வாயை அடைத்து அழைத்து வருகிறோம். ‘ஆம்பளப் பிள்ளை அழலாமா’ என்ற பேச்சையும் இதோடு சேர்த்து விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

பேச்சு தாமதமாகும்போது நாம் சொல்லிக்கொள்ளும் ஆறுதல்களே எனக்கு அதிகக் கவலை தருகின்றன. ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசுவான், அவனுடைய அப்பாவே நான்கு வயதில்தான் பேசினார், நாக்கு ஒட்டியிருக்கிறது, நேர்த்திக்கடன் செலுத்தினால் சரியாகிவிடும் என்றெல்லாம் சொல்லக் கேட்டிருக்கிறேன். நாக்கின் அடியில் இருக்கும் நரம்பு போன்ற சவ்வு குட்டையாக இருந்தால் சில ஒலிகளைச் சொல்வதில் சிரமம் வரலாம். அதனால் ஒரு குழந்தை பேசாமலே இருந்துவிடாது. தாமதமாகப் பேசத் தொடங்கும் குழந்தைகளில் பலர் பின்னால் மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடுகிறார்கள் என்பதும் உண்மையே. எந்தக் குழந்தை எட்டிப் பிடிக்கும், எந்தக் குழந்தைக்கு உதவி வேண்டும் என்பதை வீட்டில் உட்கார்ந்து யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால்தான் பரிசோதனை தேவைப்படுகிறது.

முதலில் பார்க்க வேண்டியது காது. பிறக்கும் குழந்தைகளில் 1,000 பேருக்கு ஒருவர் முதல் மூவர் வரை குறிப்பிடத்தக்க செவித்திறன் குறைபாட்டோடு பிறக்கிறார்கள் என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. உறவுக்குள் திருமணம் செய்யும் வழக்கம் இருக்கும் இடங்களில் இந்த ஆபத்து கூடுகிறது, நம் மாவட்டங்களில் அந்த வழக்கம் இன்னும் மறையவில்லை. காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்களில் மழலை ஒலிகளை எழுப்பும். கதவு அடைபடும் அதிர்வை உணர்ந்து திரும்பும். அம்மாவின் முகக்குறிப்பைப் பார்த்தே பாதியைப் புரிந்துகொள்ளும். ஆகவே ‘தட்டைத் தட்டினால் திரும்பிப் பார்க்கிறானே’ என்ற வீட்டுச் சோதனையை நம்பக் கூடாது. பிறந்த ஒரு மாதத்துக்குள் முதற்கட்டச் செவிச் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சையும் பயிற்சியும் என்பதே உலகெங்கும் பின்பற்றப்படும் இலக்கு. அது தவறிப்போன குழந்தைக்கு ஒன்றரை வயது ஊசி நாள் இரண்டாவது வாய்ப்பு. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ், ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு, கேட்க உதவும் காக்ளியர் கருவியை உட்செவியில் பொருத்தும் அறுவைச் சிகிச்சை செலவின்றிக் கிடைக்கிறது. ஆனால் கருவி எவ்வளவு முன்னதாகப் பொருத்தப்படுகிறதோ அவ்வளவு நன்றாகப் பேச்சு வரும் என்பதால், நான்கு வயதில் ஓடி வருவதும் இரண்டு வயதில் வருவதும் ஒன்றாகா. பள்ளியில் சேர்க்கும்போதுதான் குறையைக் கண்டறிந்து, ‘முன்னாடியே யாரும் சொல்லலையே’ என்று கலங்கிய தாய்மாருக்குச் சொல்ல என்னிடம் பதில் இருந்ததில்லை.

ஏற்கெனவே பேசிய சொற்களைக் குழந்தை மறந்துபோனாலோ, முன்பு காட்டிய சைகைகளையும் சிரிப்பையும் விட்டுவிட்டாலோ, எந்த வயதானாலும் ஒரு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. இதைத் தனிப் பத்தியாக எழுதுவதற்குக் காரணம், பல வீடுகளில் இதை ‘கண்பட்டுவிட்டது’ என்று ஒதுக்கிவிடுவதுதான்.

கைப்பேசியைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. பாட்டும் படமும் ஓடினால்தான் சோறு இறங்கும் என்ற நிலைக்கு நம் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். தனியாக வேலையும் சமையலும் பார்த்துக்கொண்டு குழந்தையையும் வளர்க்கும் பெண்ணைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் இல்லை. என்றாலும் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டு முதல் ஐந்து வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும் அறிவுறுத்துவதற்கு வலுவான அடிப்படை இருக்கிறது. 2003இல் பட்ரீசியா குல் தலைமையில் வெளிவந்த ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளிடம் சீன மொழி பேசுபவர் நேரில் அமர்ந்து கதை சொல்லி விளையாடியபோது, அவர்கள் அம்மொழியின் ஒலி வேறுபாடுகளைப் பிரித்தறியக் கற்றார்கள். அதே ஆளை அதே அளவு நேரம் திரையில் பார்த்த குழந்தைகள் கற்கவில்லை. குழந்தை ‘கா கா’ என்றால் திரை அதற்குப் பதில் சொல்லாது. அம்மாவோ ஆயாவோ ‘ஆமா, காக்கா, ரெண்டு காக்கா வந்திருக்கு’ என்பார்கள். ஒன்று சொன்னால் ஒன்று திரும்பி வரும் என்ற அந்த மாற்றுப் பேச்சில்தான் மொழி வளர்கிறது. சோறூட்டும் கால் மணி நேரத்தை அதற்காக மீட்டுக்கொண்டாலே பெரிய பலன் கிடைக்கும்.

எந்த மொழியில் பேசுவது என்ற கேள்வியும் இப்போது கிராமங்கள் வரை வந்துவிட்டது. மழலையர் பள்ளியில் இடம் கிடைக்க வேண்டும் என்பதற்காக, தனக்கே தடுமாறும் ஆங்கிலத்தில் இளம் தாய் குழந்தையோடு பேசுகிறார். அறிந்த பத்துப் பெயர்ச்சொற்களோடு பேச்சு நின்றுவிடுகிறது. எந்த மொழியில் கொஞ்சவும் கோபிக்கவும் கதை சொல்லவும் வருமோ, அந்த மொழியில் பேசுவதே குழந்தைக்கு ஊட்டம். வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் கேட்கும் பிள்ளைகளும், உருது பேசும் வீட்டுப் பிள்ளைகளும் எங்கள் பகுதியில் உண்டு. இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. சொற்களை எண்ணும்போது இரண்டு மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ண வேண்டும், அவ்வளவே.

இனி என் கோரிக்கைக்கு வருகிறேன். அரசிடம் திட்டங்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. தாய் சேய் பாதுகாப்பு அட்டையில் எந்த வயதில் குழந்தை என்ன செய்யும் என்று படங்களோடு பக்கங்கள் இருக்கின்றன. தடுப்பூசிப் பக்கம் தேதிகளால் நிறைந்திருக்க, அந்தப் பக்கங்கள் தொடப்படாமல் வெள்ளையாக இருப்பதைத்தான் நான் பெரும்பாலும் பார்த்திருக்கிறேன். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழுக்கள் ஆண்டுக்கு இரு முறை அங்கன்வாடிக்கு வந்து, வளர்ச்சித் தாமதம் உள்ளிட்டவற்றைப் பார்க்கின்றன. ஆனால் அங்கன்வாடிக்கு அன்றாடம் வரும் வயதை எட்டாத குழந்தை அன்று அங்கே இருப்பதில்லை. 2018இல் நாடு முழுவதற்கும் வகுக்கப்பட்ட, இளங்குழந்தைகளுக்கான வீடுசார் பராமரிப்புத் திட்டத்தின் வருகைகள் 3, 6, 9, 12, 15 ஆகிய மாதங்களோடு முடிகின்றன. குழந்தை சொற்களை அள்ளத் தொடங்கும் தறுவாயில் வீட்டு வருகை நின்றுவிடுகிறது. பிறப்பு முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளின் வளர்ச்சித் தூண்டலுக்கென்றே ‘நவ்சேத்தனா’ என்ற வழிகாட்டியை மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2024இல் வெளியிட்டிருப்பது மகிழ்ச்சிக்குரியது. அதில் உள்ளவை தாயின் காதுக்குப் போய்ச் சேர ஒரு நாளும் ஓர் இடமும் வேண்டும்.

அந்த நாளும் இடமும் நம்மிடம் இருக்கின்றன. ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் குழந்தையை அங்கேயே வைத்திருந்து, ஒவ்வாமை எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் அனுப்புகிறோம். புதன்கிழமைகளில் துணை சுகாதார நிலையத்தின் திண்ணையில் தாய்மார்கள் வெறுமனே உட்கார்ந்திருக்கும் அந்த அரை மணி நேரத்தில், பயிற்சி பெற்ற ஒருவர் குழந்தையின் பெயரைச் சொல்லி அழைத்துப் பார்க்கலாம். ‘மூக்கு எங்கே’ என்று கேட்கலாம். ஒரு பந்தைக் கையில் கொடுத்து, அதைத் திரும்பத் தரச் சொல்லலாம். தாயிடம், அவன் சொல்லும் சொற்கள் எவை, எதையாவது சுட்டிக் காட்டுகிறானா, நீங்கள் வருந்தினால் அருகில் வருகிறானா, முன்பு சொன்ன சொல் எதையாவது விட்டுவிட்டானா, அடிக்கடி காதில் சீழ் வடிகிறதா என்று கேட்கலாம். ஊசி போட்ட அழுகையில் இருக்கும் குழந்தை பதில் சொல்லாது என்பதால், ஊசிக்கு முன்பே குழந்தையிடம் பேசிவிட்டு, பின்னால் தாயிடம் கேட்பது நல்லது. திருவனந்தபுரத்தில் உள்ள குழந்தை வளர்ச்சி மையம் இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்காக உருவாக்கிய பதினேழு அம்சங்கள் கொண்ட எளிய வளர்ச்சி அட்டவணையும், மொழி வளர்ச்சிக்கான தனி அளவுகோலும் களப்பணியாளர்களே பயன்படுத்தும் வகையில் அமைந்தவை. அயல் மாநிலத்தில் நம் பக்கத்திலேயே இருக்கும் இக்கருவிகளைத் தமிழ்நாட்டின் சூழலுக்கு ஏற்பச் சரிபார்த்து எடுத்துக்கொள்ளலாம். ஐயம் எழும் குழந்தையை அட்டையில் குறித்து, வளர்ச்சியில் பின்தங்கும் குழந்தைகளுக்குச் சிகிச்சையும் பயிற்சியும் தரும், மாவட்டத் தலைநகரில் உள்ள ஆரம்பகால இடையீட்டு மையத்துக்குத் தேதி வாங்கிக் கொடுத்து அனுப்ப வேண்டும். ‘பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாருங்கள்’ என்று வாயால் சொல்லி அனுப்பினால், ஒரு நாள் கூலியை இழந்து பேருந்து ஏறும் குடும்பம் பாதி வழியிலேயே மனம் தளர்ந்துவிடும்.

வேலைப்பளுவைப் பற்றி என் சகோதரிகள் கேட்பார்கள், கேட்பது நியாயமே. சமவெளியில் 5,000 மக்களுக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்ற அளவில், கர்ப்பிணிப் பதிவு, பிரசவப் பின்பராமரிப்பு, தடுப்பூசி, கணினிப் பதிவு அனைத்தும் ஒரே பெண்ணின் தோளில் இருக்கின்றன. ஆகவே இதை அவர்கள் தலையில் மேலும் ஒரு பதிவேடாகச் சுமத்தாமல், ஊசி நாளில் அங்கன்வாடிப் பணியாளர் உடன் இருந்து இந்தப் பேச்சை நடத்த வேண்டும் என்று ஆணையிடுவதே பொருத்தம். பிள்ளைகளோடு ஆடிப்பாடிப் பழகிய அவர்கள் எங்களைவிட நன்றாகக் குழந்தையைப் பேச வைப்பார்கள். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான சத்துமாவை வாங்கத் தாய்மார்கள் அங்கன்வாடிக்கு வரத்தான் செய்கிறார்கள். மாவுப் பொட்டலத்தைக் கொடுக்கும்போது ‘இந்த மாதம் புதுசா என்ன வார்த்தை சொன்னான்?’ என்று ஒரு கேள்வியைக் கேட்பதற்குப் பதிவேடு தேவையில்லை.

இந்தக் கேள்விகள் தேர்வாக மாறிவிடக் கூடாது என்பதையும் வலியுறுத்த விரும்புகிறேன். பக்கத்து வீட்டுக் குழந்தை முப்பது சொல் சொல்கிறது, நம் பிள்ளை பத்துதான் சொல்கிறது என்று மாமியார் மருமகளைக் குத்திக் காட்டும் கருவியாக இப்பட்டியல் ஆகிவிட்டால், அடுத்த முறை அந்தத் தாய் உண்மையைச் சொல்ல மாட்டார். நடப்பதில் முந்தும் குழந்தை பேச்சில் பிந்தலாம். பேச்சில் முந்துவது விளையாட்டில் தயங்கலாம். கேட்பவர் அதைப் புரிந்தவராக இருக்க வேண்டும். தாயைக் குற்றவாளியாக நிறுத்தாமல், உங்கள் பிள்ளையைப் பற்றி உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும் என்று தொடங்க வேண்டும். தந்தையரையும் ஊசி நாளில் வரச் சொல்ல வேண்டும். குழந்தையின் பேச்சு பற்றிய கேள்வி முழுவதையும் பெண்களிடமே கேட்டு, குறை இருந்தால் அவர்களையே பொறுப்பாக்கும் வழக்கம் சுகாதாரத் துறைக்குள்ளும் இருக்கிறது.

தமிழ்நாட்டின் தடுப்பூசி அமைப்பு பல பத்தாண்டுக் காலம் உழைத்துக் கட்டியது. ஒரு குழந்தை தவணை தவறினால் வீட்டுக்கே போய்க் கேட்கும் அளவுக்கு அது வேலை செய்கிறது. அதே அமைப்பின் ஒரு நாளில் ஒரு கால் மணி நேரத்தை மட்டுமே நான் கேட்கிறேன். மக்கள் நல்வாழ்வுத் துறையும் சமூக நலத் துறையும் கலந்து பேசி, முதற்கட்டமாக ஒரு மாவட்டத்திலாவது ஒன்றரை வயது ஊசி நாளில் இந்த உரையாடலைத் தொடங்கி, எத்தனை குழந்தைகளுக்கு மேற்பரிசோதனை தேவைப்பட்டது, அவர்களில் எத்தனை பேர் மாவட்ட மையத்தை உண்மையில் சென்றடைந்தார்கள், சிகிச்சை எப்போது தொடங்கியது என்ற விவரங்களை வெளியிட வேண்டும். விழுப்புரம் மாவட்டத்தில் அதற்கு முன்வந்தால், ஓய்வு பெற்ற செவிலியர்களாகிய எங்களில் பலர் பயிற்சி பெற்று ஊதியமின்றி உதவத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர்,
விழுப்புரம் மாவட்டம்.